நாலாம் குறுக்குத் தெருவுக்கு ஒரு பென்

எல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்கும்.
ஆம் என்றால் இன்னொரு தரம் கேட்கும்.
கல்யாணப் பதிவுக்காரர்கூட
ஒருதரம்தான் கேட்பார்.

அறுபத்துநாலு ஜிபி. புறக்கோட்டை நடைபாதையில் வாங்கியது.
மேலே எழுதியிருப்பதில் பாதிதான் உள்ளே இருக்கும் என்ற பயத்தில்
விளிம்புவரை நிரப்பிப் பார்த்த பிறகே நம்பினேன்.
போன மாதம்வரை என் பையில் ஏழு பென்கள்,
மார்க்கர் எழுத்து வியர்வையில் அழிந்து
எது எதுவென்று செருகித்தான் தெரியவேண்டும்.
இனி ஒன்று.

கொட்டாஞ்சேனை, இரவு பதினொன்றரை.
விண்டோஸ் பத்து. பதினொன்று.
ஏழை விடமாட்டோம் என்கிற கந்தோர்களுக்காக ஏழு.
ஒரு உபுண்டு.
நினைவகத்தின் ஞாபகத்தைச் சோதிக்க ஒன்று.
சாகக் கிடக்கும் டிஸ்கிலிருந்து அள்ள ஒன்று.
கடவுச்சொல்லைக் கழற்ற ஒன்று,
இதைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை.
இறக்கிய கோப்பு சரிதானா என்று பார்க்க
அறுபத்துநாலு எழுத்திலும் ஒப்பிடவேண்டும்.
கடைசி நாலை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் கடாட்சம் முதலாளி கடை.
செத்தல் மூட்டைக்கும் நெத்தலி மூட்டைக்கும் நடுவே மேசை.
வெளியே வழி வழி என்று கத்தும் நாட்டாமிமார்.
கணினி எழும்பி மூன்று நாளாயிற்று.
அதற்குள் பதினாலு வருடக் கடன் கணக்கு
என்பது தெருவுக்கே தெரியும்.
எதிர்க்கடைக்காரர்
செத்தவீட்டுக்கு வந்தவர்போல் குரலைத் தணித்தார்:
"இனிச் சரிவராது, என்ன தங்கச்சி?"

எஃப் பன்னிரண்டு. இல்லை.
எஃப் இரண்டு. இல்லை.
டிலீட்டைத் தட்டித் தட்டி
நகப்பூச்சு உதிர்ந்ததுதான் மிச்சம்.
முன்பக்கத் துளையில் மிளகாய்த்தூள்.
பின்னால் குனிந்து செருகி, இரண்டு முறை தும்மி
நிமிர்ந்தபோது
கறுப்புத் திரையில் வெள்ளையாய் என் பட்டியல்,
நேற்றிரவு அடுக்கிய அதே வரிசையில்.
யாருக்கும் காட்டமுடியாத சந்தோஷம் அது.

வாசிக்க மட்டும், என்று கட்டளை கொடுத்தேன்.
தொடாமல் பார்க்கும் முறை.
டிஸ்க் பல்லிபோலச் சொன்னது, டிக், டிக்.
எந்தத் திசை, என்ன பலன் என்று நின்று கேட்க நேரமில்லை.
என் வெளித்தட்டுக்குக் கோப்புகளை ஓடவிட்டு,
உடையாமல் வருகிறதா என்று ஒன்றைத் திறந்தேன்.

பரிமளம். கொட்டாஞ்சேனை. இடியப்பக் கடை.
மா, பருப்பு, செத்தல்.
எண்பத்தாறாயிரத்து நானூற்றைம்பது.
கடைசியாகக் கட்டியது ஆவணியில்.

அம்மா இதைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை.

வாசிக்க மட்டும் என்பது
ஒரே வரியில் மாறக்கூடியது.
அந்த வரி எனக்கு மனப்பாடம்.
முதலாளி முதுகைக் காட்டிக்கொண்டு
தொலைபேசியில் கட்டாக் கருவாட்டின் விலையைக் குறைத்துக்கொண்டிருந்தார்.
நேர்மை குறுக்கே வந்து நின்றது என்று எழுத ஆசைதான்.
நீலக் கோடு எழுபத்தொரு வீதத்தில் நகர்ந்துகொண்டிருந்தது.
அதைக் குழப்பப் பயம்.
விரலை எடுத்து மடியில் வைத்தேன்.
நூறு.

"எவ்வளவு பிள்ளை?"
"நாலாயிரம்."
தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:
"காசாத் தரட்டோ,
அம்மான்ர கணக்கில கழிக்கட்டோ?"

திரை அப்போதும் என் பக்கம்தான் திரும்பியிருந்தது.
பதினாலு வருடத்தையும் அவர்
வேறெங்கோ ஒரு பிரதி வைத்திருந்தார்.

"கழியுங்கோ."
கணினியை நிறுத்தி, பென்னை உருவினேன்.
சூடாக இருந்தது.
எண்பத்திரண்டாயிரத்து நானூற்றைம்பது.

வாசலில் எதிர்க்கடைக்காரர்.
"சரிவந்ததோ?"
"சரிவந்தது."

அவர் முகத்தில் எல்லாம் அணைந்து
இடது மூலையில்
ஒரு கேர்சர் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.